பெட்ரோல் எஃப்-250-க்குள் கம்மின்ஸ் டீசல்: இழுவைக்காக எஞ்சின் மாற்றும் முழு வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு எஃப்-250 பிக்கப் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. இருக்கிற பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, டாட்ஜ் ராம் வண்டியில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலை அந்த இடத்தில் உட்கார வைப்பது. 1987-க்கும் 1997-க்கும் இடையில் வந்த எஃப்-250 இதற்குத் தோதான வண்டி. பானட்டுக்குள் இடம் தாராளம், சேசிஸ் கெட்டி, கம்ப்யூட்டர் தொல்லையும் குறைவு. இந்த வழிகாட்டி, டிரெய்லர் இழுப்பதற்காகச் செய்யும் அந்த ஒரு மாற்றத்தைப் பற்றியது. இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில், வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். அங்கே கதை வேறு.

எண்களைப் பார்த்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். 90களின் 5.8 லிட்டர் பெட்ரோல் வி8, 200 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல் தரும். 1994-இல் டாட்ஜில் ஆட்டோமேட்டிக் கியருடன் வந்த கம்மின்ஸுக்கோ 160தான். பின்னே எதற்கு மாற்றுவது? விடை டார்க்கில், அதாவது எஞ்சினின் முறுக்கு விசையில் இருக்கிறது. 1996 முதல் 1998 வரை மேனுவல் கியருடன் வந்த கம்மின்ஸ் 440 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 600 நியூட்டன்-மீட்டர் டார்க் கொடுத்தது. அதையும் வெறும் 1,600 ஆர்.பி.எம்.மிலேயே, அதாவது நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே கொடுத்தது. கணக்குப் போட்டால் அந்தச் சுற்றிலேயே சுமார் 134 குதிரைத்திறன் வந்துவிடுகிறது. பெட்ரோல் வி8 அந்த அளவுக்கு வர இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும், மேடு முடியும்வரை அலறிக்கொண்டே ஏற வேண்டும்.

மலை உயர உயர வித்தியாசமும் கூடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது பெட்ரோல் வி8-இல் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ உள்ள கம்மின்ஸ் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். எஞ்சினை மாற்றுவதால் உங்கள் வண்டி இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை ஒரு பவுண்டுகூட அதிகரிக்காது. டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை வரம்பு அப்படியேதான் இருக்கும். ஆக்ஸில், பிரேக், சேசிஸ், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் எல்லாம் பழையவைதானே. ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் அதே டிரெய்லரைச் சிரமமில்லாமல், சூடேறாமல், மேட்டில் வேகம் விழாமல் இழுப்பதுதான் கிடைக்கப்போகும் லாபம். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள், பெரிய வண்டியாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

முதலில் ஸ்டிக்கர், பிறகு ஸ்பேனர்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி சுருக்கமாக இது: மாற்றி முடித்த வண்டி, அதே மாடல் ஆண்டிலோ அதற்குப் பிறகோ புகை மாசுச் சான்றிதழ் பெற்ற ஒரு வண்டியின் அமைப்போடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே 1996 வண்டிக்குள் 1992 எஞ்சின் கூடாது. 1992 வண்டிக்குள் 1996 எஞ்சின் என்றால் ஆண்டுக் கணக்கு சரி. இன்னொரு சிக்கல் வண்டியின் வகை. மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டினால்தான் கனரக வகை. கம்மின்ஸ் சான்றிதழ் பெற்றது கனரக எஞ்சினாக. எஃப்-250 என்ற பெயரிலேயே 8,500-க்குக் கீழும் மேலும் இரண்டு விதமாக வண்டிகள் வந்தன. அதனால் ஸ்டிக்கரைப் பார்க்காமல் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

இதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். கலிஃபோர்னியாவில் எஞ்சின் மாற்றிய வண்டியை அரசு நியமித்த ரெஃபரி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வேலை முடிந்த பிறகு போய்க் கேட்பதைவிட, தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த எஞ்சின்?

1989 முதல் 1998 ஆரம்பம் வரை வந்தது 12 வால்வு கம்மின்ஸ். முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டரே கிடையாது. எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்துவது 1993 வரை பாஷ் வி.இ. பம்ப், 1994 முதல் பாஷ் பி7100 பம்ப். இரண்டில் எது கிடைத்தாலும் சரி. கனமான டிரெய்லர் இழுப்பவர்கள் பி7100 தேடுவார்கள், டீசல் கொடுக்கும் அளவும் உழைப்பும் அதில் கூடுதல். 1998 நடுவிலிருந்து வந்த 24 வால்வு எஞ்சினும் நல்லதுதான், ஆனால் அதன் வி.பி.44 எலக்ட்ரானிக் பம்ப், டீசல் வரத்து குறைந்தால் சீக்கிரமே உயிரை விடும். அதோடு, பக்கவாட்டில் 53 என்ற எண் வார்க்கப்பட்ட பிளாக்குகள் சில விரிசல் விட்டதால் பெயர் கெட்டுக் கிடக்கிறது. முதல்முறை செய்பவர்களுக்கு 12 வால்வைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். முன்னால் இடித்து நொறுங்கிய, அல்லது துருப்பிடித்து உடம்பு போன டாட்ஜ் ஒன்றை முழுசாக வாங்குங்கள். கியர்பாக்ஸ், கிளட்ச், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஆக்சிலரேட்டர் கேபிள், சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தனித்தனியாகத் தேடினால் அந்தப் பிராக்கெட்டுகள்தான் உங்கள் பொறுமையையும் பர்ஸையும் காலி செய்யும்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விற்பவர் முன்னதாகவே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறியப்பட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, டர்போவின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் முன்பக்கக் கியர் ஹவுசிங்கில் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள சி.பி.எல். எண்ணைக் குறித்துக்கொண்டால், அது உண்மையில் எந்த ஆண்டு, எந்த வகை என்று தெரிந்துவிடும். உதிரி பாகம் வாங்கவும் அந்த எண் வேண்டும்.

உள்ளே போகும் முன்: கொலைகார ஊசி

12 வால்வு கம்மின்ஸில் பேர்போன ஒரு பலவீனம் உண்டு. முன்பக்கக் கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு நேராகப் பொருத்த, டவல் பின் (dowel pin) எனும் சிறு எஃகு ஊசி ஒன்றை அடித்திருப்பார்கள். வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல நகர்ந்து வெளியே வந்து, சுற்றிக்கொண்டிருக்கும் டைமிங் கியர்களுக்கு நடுவே விழுந்துவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் கீழே ஆயில் சம்ப்புக்குள் போய்ச் சேரும். இல்லாவிட்டால் ஹவுசிங்கை உடைத்துக்கொண்டு வரும், கேம் கியரையும் கெடுக்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்குக் கொலைகார ஊசி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எஞ்சின் வெளியே இருக்கும்போது இதைச் சரிசெய்வது ஒரு மதிய வேலை. கிராங்க் டேம்பரையும் முன் கவரையும் கழற்றினால் கேம் கியருக்குப் பக்கத்தில் அந்தத் துளை கண்ணில் படும். டவல் பின் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்புங்கள். அப்புறம், பக்கத்து ஹவுசிங் போல்ட்டுக்கு அடியில் ஒரு சிறு உலோகத் தகட்டை வைத்து, துளையின் வாயை மறைக்கும்படி இறுக்குங்கள். இதற்கென்றே தகடு விற்கிறார்கள். ஹவுசிங்கின் மற்ற போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் பசை தடவித் திரும்பப் போடுங்கள். அவையும் தளர்ந்து விழுந்த கதை உண்டு.

கவரை மூடும்போது கிராங்க் சீல் புதிதாகப் போட வேண்டும். இங்கேதான் பழக்கதோஷம் கெடுக்கும். சீல் என்றால் விரலில் ஆயில் தொட்டுத் தடவிப் போடுவதுதானே நமக்கு வழக்கம்? இந்தச் சீலுக்கு அது ஆகாது. சீலின் உதடும் கிராங்க் முனையும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாகப் போட்டால் சில நாளிலேயே ஒழுகும்.

இதோடு பின்பக்க மெயின் சீல், பிளாக்கின் பின்பகுதியில் நீர்வழித் துளைகளை அடைக்கும் ஃப்ரீஸ் பிளக்குகள், கிளட்ச், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வு இடைவெளியை, இன்டேக்குக்கு 0.010 அங்குலம், எக்ஸாஸ்டுக்கு 0.020 அங்குலம் என்று வைத்துவிடுங்கள். வண்டிக்குள் போன பிறகு பின்பக்க ஃப்ரீஸ் பிளக்கை எட்டவே முடியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சின் வெறும் கூடாகவே ஏறத்தாழ 1,100 பவுண்டு, அதாவது 500 கிலோ. சாதாரண எஞ்சின் ஸ்டாண்டில் மாட்டாதீர்கள். இரண்டு டன் கிரேன் என்று எழுதியிருந்தாலும், கையை முழுக்க நீட்டினால் அது தாங்கும் எடை பாதிக்கும் கீழே போய்விடும். கை நீட்டலில் எவ்வளவு தாங்கும் என்று கிரேனிலேயே துளைக்குத் துளை எழுதியிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

பழையதை இறக்குதல், புதியதை ஏற்றுதல்

பழைய எஞ்சினை இறக்குவது நேரடியான வேலை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி வாயுவை மட்டும் காற்றில் விடாமல், உரிமம் உள்ள கடையில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். ஒயர் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவி, ஆவி முழுவதும் போன பிறகுதான் பக்கத்தில் வெல்டிங்.

புதிய எஞ்சினின் நிலையை முடிவு செய்வதுதான் நேரம் பிடிக்கும். இந்த வண்டிகளுக்கென்றே மவுண்ட் செட்டுகள் கிடைக்கின்றன. சொந்தமாக வெல்ட் செய்வதைவிட அதை வாங்குவது புத்திசாலித்தனம். எந்த செட்டாக இருந்தாலும் முழுதாக இறுக்கும் முன் எஞ்சினை உள்ளே தொங்கவிட்டு நான்கு இடங்களைப் பாருங்கள். டர்போவுக்கும், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே கை போகிறதா? நாலு சக்கர இயக்க வண்டியானால், முன் ஆக்ஸில் முழுக்க மேலே எழும்பும்போது ஆயில் சம்ப்பில் இடிக்குமா? ஃபேன், ரேடியேட்டரின் நடுவில் வருகிறதா? எஞ்சினின் சாய்வும் பின் டிஃபரென்ஷியலின் சாய்வும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா? கடைசியாகச் சொன்னது தவறினால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுக்க நடுங்கும், யூனிவர்சல் ஜாயிண்ட் அடிக்கடி போகும்.

முன் ஸ்பிரிங்கை மறக்க வேண்டாம். 5.8 லிட்டர் வி8-ஐவிட கம்மின்ஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. டீசல் வண்டிக்கு வந்த ஸ்பிரிங்குகளைப் போட்டு, ஷாக் அப்சார்பரும் மாற்றி, கடைசியில் வீல் அலைன்மென்ட் பாருங்கள். முன் ஆக்ஸிலுக்கு ஸ்டிக்கரில் குறித்த வரம்புக்குள் எடை நிற்க வேண்டும்.

கியர்பாக்ஸும் பல் விகிதமும்

1994-க்குப் பிந்தைய டாட்ஜில் வந்த என்.வி.4500 ஐந்து கியர் பெட்டிதான் என் தேர்வு. இரும்பு உடம்பு, முதல் கியர் 5.61 என்பதால் டிரெய்லரோடு மேட்டில் கிளம்புவது எளிது. இதன் ஐந்தாம் கியர் நட்டு தளர்ந்து வரும் குறை ஊரறிந்தது. திருத்திய நட்டு விற்கிறார்கள், பெட்டி கீழே இருக்கும்போதே போட்டுவிடுங்கள். நாலு சக்கர இயக்கமானால், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் ஷாஃப்ட் வெளிவரும் பக்கமும் உங்கள் முன் டிஃபரென்ஷியல் இருக்கும் பக்கமும் ஒன்றா என்று வாங்கும் முன் பாருங்கள். ஃபோர்டின் இ4ஓடி ஆட்டோமேட்டிக்கை வைத்துக்கொள்ளவும் அடாப்டர் உண்டு, ஆனால் அது கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை செய்யாது, தனி கன்ட்ரோலர் வாங்க வேண்டும்.

பெட்ரோல் எஃப்-250 பலவற்றில் பின் ஆக்ஸில் விகிதம் 4.10, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ்ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றும். சுமார் 2,600 சுற்றிலேயே கவர்னர் எனும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பிடித்து நிறுத்தும் டீசலுக்கு அது குட்டையான கியர். கணக்கு இதுதான்: மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்ஸில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கி, 336-ஆல் மறுபடி பெருக்கி, டயர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வகுத்தால் ஆர்.பி.எம். வரும். 31 அங்குல டயர், 65 மைல் வேகம், 0.75 விகிதமுள்ள ஐந்தாம் கியர் என்று வையுங்கள். 4.10 ஆக்ஸிலில் 2,166 சுற்று. 3.55 ஆக்ஸிலில் 1,876. இரண்டாவது, டார்க் உச்சத்துக்குச் சற்று மேலே நிற்கிறது, இழுவைக்கு அருமையான இடம். 4.10-ஐ வைத்துக்கொண்டு நாலாம் கியருக்கு இறக்கினால் 65 மைலில் 2,889 ஆகிறது, அதாவது அந்த வேகமே கிடைக்காது. எனவே ஆக்ஸில் பல்லை மாற்றும் செலவையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேருங்கள்.

நிற்பதும் இறங்குவதும்

எஞ்சின் மாற்றும் வீடியோக்களில் இந்தப் பகுதி அநேகமாக இருக்காது. ஆனால் டிரெய்லர் இழுப்பவருக்கு இதுதான் தலையாயது.

பெட்ரோல் எஞ்சினின் இன்டேக்கில் உருவாகும் வெற்றிடம்தான் இவ்வளவு நாளும் உங்கள் பிரேக் பூஸ்டரை இயக்கியது. டீசலில் அந்த வெற்றிடம் இல்லை. பழைய பூஸ்டரை அப்படியே விட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும். ஒன்று, டாட்ஜின் வேக்குவம் பம்ப்பைச் சேர்க்க வேண்டும், அல்லது பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோபூஸ்ட் போட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பெடலுக்குக் கூடுதல் பலம் கிடைக்கும்.

அடுத்தது இறக்கம். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடி, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். இந்த டீசலில் த்ராட்டில் தகடு கிடையாது. காலை எடுத்தாலும் எஞ்சின் சுதந்திரமாகச் சுற்றும், பின்னால் மூன்று டன் டிரெய்லர் தள்ளும். எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்துவதே இதற்கு வழி. டர்போவுக்குப் பின்னால் ஒரு வால்வு மூடி, புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினை முக்க வைக்கும். அந்த அழுத்தம் எக்ஸாஸ்ட் வால்வுகளைத் திறந்துவிடாமல் இருக்க, வலுவான வால்வு ஸ்பிரிங்குகளும் வேண்டும். டாப்பெட் பார்க்கும்போதே மாற்றிவிட்டால் ஒரே கழற்றலில் முடியும். டிரெய்லரின் மின் பிரேக் கன்ட்ரோலரும் இதோடு சேர்த்தி.

குளிர்ச்சி, டீசல், ஒயரிங்

கடைகளில் ‘கனரக இழுவைக்கு’ என்று விற்கும் பெரிய ரேடியேட்டர், டாட்ஜின் இன்டர்கூலர், கிளட்ச் உள்ள பெரிய ஃபேன், ஃபேனைச் சுற்றி இடைவெளி இல்லாத உறை, இவை நான்கும் வேண்டும். இந்த உறையை விட்டுவிட்டு எஞ்சின் சூடாகிறது என்று புலம்புபவர்கள் அதிகம்.

டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை எடுத்துவிடுங்கள். 12 வால்வில் எஞ்சினிலேயே மெக்கானிக்கல் லிஃப்ட் பம்ப் உண்டு. ஒரு லைன் போக, ஒரு லைன் திரும்ப. ரப்பர் குழாய்கள் டீசல் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும், பழைய குழாயை நம்பினால் நுண்ணிய வெடிப்பு வழியாகக் காற்று இழுக்கும்.

ஒயரிங் இந்த வேலையிலேயே எளிது. ஓடுவதற்கு இந்த எஞ்சினுக்கு வேண்டியது டீசலைத் திறந்து மூடும் சாலினாய்டுக்கு ஒரு மின் இணைப்பு. பி7100-இல் அதிலும் ஒரு நுணுக்கம்: இழுக்க ஒரு சுருள், பிடித்து வைக்க ஒரு சுருள். இழுக்கும் சுருளுக்கு ஸ்டார்ட் செய்யும்போது மட்டும், ரிலே வழியாக மின்சாரம் போக வேண்டும். தொடர்ந்து கொடுத்தால் எரிந்துபோகும். குளிர்காலத்துக்கு இன்டேக் ஹீட்டரையும் தடித்த கம்பியில் இணையுங்கள், பேட்டரி இரண்டு வையுங்கள். 1992-க்குப் பிந்தைய ஃபோர்டில் ஸ்பீடோமீட்டருக்கான தகவல் பின் ஆக்ஸிலிலிருந்து வருவதால் அது தானாகவே வேலை செய்யும். டர்போவுக்கு முன்னால் புகை வெப்பம் காட்டும் மீட்டர், டர்போவின் காற்றழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டர் இரண்டும் கட்டாயம்.

முதல் ஸ்டார்ட்

டீசல் சாலினாய்டை இணைக்காமல், ஆயில் பிரஷர் காட்டும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டர்போவின் ஆயில் வழியில் முன்கூட்டியே கொஞ்சம் ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். லிஃப்ட் பம்ப்பின் பொத்தானை அது கெட்டியாகும்வரை அழுத்தி டீசலை மேலே கொண்டுவாருங்கள். பிறகு சாலினாய்டை இணைத்து, இன்ஜெக்டர் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அந்த இடத்தில் கையை வைத்து டீசல் வருகிறதா என்று பார்க்காதீர்கள், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி வைத்து, ஒருவர் கையில் தடித்த பலகையோடு பக்கத்தில் நிற்கட்டும். எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுத்தால் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. பலகையால் காற்று வாயை மூடினால் நின்றுவிடும். கையால் மூடவே கூடாது.

எடை மேடையும் முதல் இழுவையும்

லாரி நிறுத்தங்களில் உள்ள எடை மேடையில் முதலில் வண்டியை மட்டும் ஏற்றி ஒவ்வோர் ஆக்ஸிலின் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டிரெய்லரோடு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அமர வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும்.

முதல் சில நூறு மைலுக்குப் பாதிச் சுமை போதும். அப்புறம் நீண்ட மேடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க வண்டிக் கம்பெனிகள் இழுவைத் திறனை அறிவிக்கப் பின்பற்றும் ஜே2807 சோதனைக்கு அரிசோனாவின் டேவிஸ் டேம் மேடுதான் களம். 11.4 மைல் ஏற்றம், கடும் வெயில், ஏசி ஓட வேண்டும், பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரமுள்ள வண்டியின் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே விழக் கூடாது. உங்கள் ஊர் மேட்டில் அதே நிபந்தனைகளை வைத்துக்கொள்ளலாம். புகை வெப்பம் 1,250 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 680 செல்சியஸைத் தொட்டால் காலை எடுங்கள், ஒரு கியர் இறக்குங்கள். பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டிக் கரும்புகை விடும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் வரும். இழுவை வண்டிக்கு அது வேண்டாம். கூடுகிற டீசல் மேட்டில் வெப்பமாகத்தான் வெளியே வரும், பிஸ்டன்தான் அதைத் தாங்க வேண்டும்.

ஐந்நூறு மைல் ஆனதும் மவுண்ட் போல்ட்டுகள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டிரைவ்ஷாஃப்ட், டீசல் இணைப்புகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், டாப்பெட் இடைவெளியை இன்னொரு முறை அளந்துவிடுங்கள். பதிவுச் சான்றில் எரிபொருள் வகையை டீசல் என்று மாற்றி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகே முழுச் சுமையோடு வெளியூர் கிளம்புங்கள்.